மேற்குக் கரைக் குடியேற்றங்கள் சட்டவிரோதம் என்றால், அவை எப்படி நிற்கின்றன?

கேள்வி இதுதான்: “மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்கள் சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம் என்று ஏறக்குறைய எல்லா நாடுகளும் சொல்கின்றன. இஸ்ரேல் மறுக்கிறது. யார் சொல்வது சரி? விரோதம்தான் என்றால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை எப்படிப் பெருகின? தடுக்க முடியாத சட்டத்தால் என்ன பயன்?”

மேற்குக் கரை 1967 ஜூன் போரில் ஜோர்டானிடமிருந்து இஸ்ரேல் பிடித்த நிலப்பரப்பு; அங்கே இஸ்ரேலியர் குடியேறி வாழும் ஊர்களே குடியேற்றங்கள். முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சட்டம் குழப்பமாக இல்லை, குடியேற்றங்கள் விரோதமானவைதான். இரண்டாவது கேள்விக்குத்தான் இடம் வேண்டும். அந்த ஊர்கள் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே நாளில் முளைக்கவில்லை. ராணுவ உத்தரவு, நில அளவை, ஆட்சேபணைக் கெடு என்று காகிதம் காகிதமாகத்தான் வந்தன. அந்தக் காகிதங்களைப் பார்க்காமல் இந்தத் தகராறைப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் ‘ஆக்கிரமிப்பு’ என்றாலே குற்றம் என்ற தொனி வந்துவிடுகிறது. கோயில் நிலத்தை வளைத்துப் போட்டவரையும் ஆக்கிரமிப்பாளர் என்கிறோம், படையெடுத்து வந்தவரையும் அப்படியே சொல்கிறோம். போர்ச் சட்டத்தில் அது ஒரு நிலையைக் குறிக்கும் சொல், அவ்வளவே. ஒரு நாட்டின் படை தனக்குச் சொந்தமில்லாத நிலப்பரப்பைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் அது ஆக்கிரமிப்பு. அந்த நிலை வந்த கணமே அந்தப் படைக்குக் கடமைகள் வந்துவிடுகின்றன. போரை யார் தொடங்கினார், தற்காப்புக்கா படையெடுப்புக்கா என்பதெல்லாம் அந்தக் கடமைகளை மாற்றாது. 1967 ஜூன் போர் தற்காப்புப் போர் என்று இஸ்ரேல் வாதிடுவது இங்கே பெரிதாக உதவாததற்குக் காரணம் இதுதான்.

கடமைகள் இரண்டு ஏடுகளில் இருக்கின்றன. ஒன்று, 1907-ன் ஹேக் விதிகள். ஆக்கிரமித்த அரசு அந்த நிலத்தின் உரிமையாளர் அல்ல, தற்காலிக நிர்வாகி என்பதே அவற்றின் அடிப்படை. 43-வது விதிப்படி, தவிர்க்க முடியாத காரணம் இல்லாத வரையில், அங்கே ஏற்கெனவே உள்ள சட்டங்களை மதிக்க வேண்டும். 46-வது விதிப்படி தனியார் சொத்தைப் பறிமுதல் செய்யக் கூடாது. பொதுச் சொத்து பற்றியது 55-வது விதி. அதில் அந்த அரசுக்கு இருப்பது அனுபவ பாத்தியதை மட்டுமே. ஆயுள் பாத்தியதையில் தென்னந்தோப்பை வைத்திருப்பவர் காய் பறிக்கலாம். மரத்தை வெட்டி விற்றுவிட்டு மனை போடக் கூடாது. அதே கணக்குதான்.

மற்றது 1949-ன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம். இஸ்ரேல் 1951-ல் இதை ஏற்று உறுதிசெய்தது. இதன் 49-வது பிரிவின் கடைசிப் பத்தி சொல்வது: ஆக்கிரமித்த அரசு தன் சொந்தக் குடிமக்களில் ஒரு பகுதியினரைத் தான் ஆக்கிரமித்த பகுதிக்குள் நாடுகடத்தவோ இடம்மாற்றவோ கூடாது. இரண்டாம் உலகப் போரில் சில அரசுகள் பிடித்த நாடுகளில் தம் மக்களைக் கொண்டுபோய் இறக்கி, அங்கிருந்தவர்களை ஓரங்கட்டியதைக் கண்ட பிறகு எழுதப்பட்ட பத்தி அது.

இஸ்ரேலின் மறுப்பை அதன் சிறந்த வடிவத்திலேயே எடுத்துக்கொள்வோம். முதல் வாதம், இழந்த உரிமையாளர் இல்லை என்பது. 1960-களின் கடைசியில் சட்ட அறிஞர் யெஹுதா புளூமும், பிறகு அரசின் சட்டத் தலைமை அதிகாரியாகவும் உச்ச நீதிமன்றத் தலைவராகவும் ஆன மெயிர் ஷம்கரும் இதை வளர்த்தார்கள். 1950-ல் ஜோர்டான் மேற்குக் கரையைத் தன்னோடு இணைத்ததை உலகில் ஏறக்குறைய யாரும் ஏற்கவில்லை. ஆகவே அது ஜோர்டானின் சட்டபூர்வமான நிலம் அல்ல. வேறொரு அரசின் நிலம் இல்லையென்றால் ஜெனீவா ஒப்பந்தம் பொருந்தாது, அது ‘தகராறில் உள்ள நிலம்’ மட்டுமே என்பது வாதம். கேட்க நேர்த்தியாகவே இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தின் 2-வது பிரிவு, அதில் இணைந்த இரு நாடுகளுக்கிடையே போர் மூண்டாலே ஒப்பந்தம் பொருந்தும் என்கிறது. இஸ்ரேலும் ஜோர்டானும் இணைந்திருந்தன, போரும் நடந்தது. அதோடு அந்த ஒப்பந்தம் காப்பது அங்கு வாழும் மனிதர்களை. பட்டா யார் பெயரில் என்பது அதன் கவலை அல்ல.

இரண்டாவது வாதம், குடியேறியவர்களை யாரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை, தாமாகவே போனார்கள் என்பது. இதற்குப் பதில் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. 49-வது பிரிவின் முதல் பத்தி ‘கட்டாய’ இடமாற்றத்தைத் தடுக்கிறது. கடைசிப் பத்தியில் ‘கட்டாய’ என்ற அடைமொழியே இல்லை. ஒரே பிரிவில் ஓர் இடத்தில் எழுதி, இன்னோர் இடத்தில் விட்டிருக்கிறார்கள். குடியேற்றத்தை அரசு ஏற்பாடு செய்வதும் ஊக்குவிப்பதும்கூட அந்தப் பத்திக்குள் அடங்கும் என்று சர்வதேச நீதிமன்றம் 2004-ல் சொன்னது. சாலை, மின்சாரம், படைக்காவல், மலிவு வீட்டுக்கடன் எல்லாம் அரசே தரும்போது தானாகப் போனார்கள் என்ற வாதத்துக்கு வலு இல்லை.

மூன்றாவது, 1967 நவம்பர் 22-ன் ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானம் 242. ஆங்கில மூலத்தில் இஸ்ரேல் ‘பிடித்த நிலப்பகுதிகளிலிருந்து’ விலக வேண்டும் என்று இருக்கிறது. ‘அந்த’ என்று குறிக்கும் ‘தி’ என்ற சிறு சொல் அங்கே இல்லை. ஆகவே எல்லா நிலத்திலிருந்தும் விலகத் தேவையில்லை என்கிறது இஸ்ரேல். பிரெஞ்சு வடிவத்தை ‘அந்த நிலப்பகுதிகளிலிருந்து’ என்றே படிக்கலாம். ஆங்கிலத்தில் உள்ளது போன்ற சுட்டெழுத்து முறை தமிழில் இல்லாததால், மொழிபெயர்ப்பில் இந்தச் சண்டை கண்ணிலேயே படாது. ஆனால் எல்லை எங்கே வர வேண்டும் என்பது ஒரு கேள்வி; எல்லை முடிவாகும் வரையில் அங்கே தன் மக்களைக் குடியேற்றலாமா என்பது வேறு. 242 முதல் கேள்வியைப் பற்றியது. அதே தீர்மானத்தின் முன்னுரையில், போரால் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதல்ல என்ற வாக்கியமும் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டாமல் விடுபவர்கள் பலர்.

இந்தச் சட்ட நிலை இஸ்ரேல் அரசுக்குத் தெரியாமல் இல்லை. 1967 ஜூன் 7-ல் மேற்குக் கரையில் படைத் தளபதி பிறப்பித்த 3-வது பிரகடனத்தோடு வந்த பாதுகாப்பு உத்தரவில், ராணுவ நீதிமன்றங்கள் நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தைப் பின்பற்ற வேண்டும், உத்தரவும் ஒப்பந்தமும் முரண்பட்டால் ஒப்பந்தமே மேலோங்கும் என்று 35-வது பிரிவாகவே எழுதியிருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இடையில், செப்டம்பர் 18 அன்று, வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன் பிரதமர் லெவி எஷ்கோலின் அலுவலகத்துக்கு ஒரு ரகசியக் குறிப்பு அனுப்பினார். நிர்வகிக்கப்படும் பகுதிகளில் பொதுமக்களைக் குடியேற்றுவது நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் வெளிப்படையான விதிகளுக்கு முரணானது என்பதே அதன் முடிவு. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 27 அன்று, ஹெப்ரோன் மலைப்பகுதியில் க்ஃபார் எட்சியோன் அமைந்தது. மெரோன் சிறுவயதில் நாஜிகளின் தொழிலாளர் முகாமில் இருந்து மீண்டவர். பின்னாளில் யூகோஸ்லாவியப் போர்க்குற்ற நீதிமன்றத்தின் தலைவராக இருந்தவர். அவருக்கு இந்தப் பிரிவின் பொருள் விளங்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி நிலத்துக்கு வருவோம். தொடக்க ஆண்டுகளில் பயன்பட்ட கருவி ராணுவத் தேவைக்கான கையகப்படுத்தல். தனியார் நிலத்தைப் படையின் தேவைக்கு எடுப்பதாக உத்தரவு போட்டு, அதில் குடியிருப்பு கட்டினார்கள். 1979 மார்ச்சில் பெய்த் எல் வழக்கில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. குடியேற்றம் பாதுகாப்புக்கு உதவுகிறது, அதுவும் தற்காலிகமே என்ற அரசின் வாக்குமூலத்தை நம்பியது.

ஆறு ஏழு மாதத்தில் அந்தக் கருவி உடைந்தது. நாப்லுஸ் அருகே ருஜெய்ப் கிராமத்தில் சுமார் 700 துனம் நிலத்தை எலோன் மோரே என்ற குடியேற்றத்துக்காக எடுத்தார்கள். ஒரு துனம் என்பது 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட். நிலத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். முன்னாள் தலைமைத் தளபதி ஹயிம் பார்-லெவ், இந்தக் குடியேற்றத்தால் பாதுகாப்புக்குப் பயனில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். அதைவிட முக்கியமானது குடியேற வந்தவர்களின் பத்திரம். நாங்கள் வந்தது படைத் தேவைக்காக அல்ல, இது எங்கள் முன்னோர் நிலம் என்பதால் நிரந்தரமாகத் தங்க வந்தோம் என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். தற்காலிகம், ராணுவத் தேவை என்ற இரண்டு கால்களும் முறிந்தன. 1979 அக்டோபர் 22 அன்று நீதிமன்றம் உத்தரவைச் செல்லாது என்று சொல்லி, 30 நாளில் இடத்தைக் காலி செய்யச் சொன்னது.

நிலத்துக்காரர்கள் வென்றார்கள். ஆனால் அந்த வெற்றியிலிருந்து அரசு கற்ற பாடம், தனியார் நிலத்தைத் தொடாதே, முதலில் அதை அரசு நிலமாக்கிவிடு என்பது. இன்று மேற்குக் கரை இப்படி இருப்பதற்கு என் கணிப்பில் வேறெந்தத் தீர்ப்பையும்விட இந்தத் திருப்பமே பெரிய காரணம். எலோன் மோரேயும் காணாமல் போகவில்லை; பக்கத்தில் வேறொரு மலைக்கு மாறியது.

அரசு நிலமாக்கும் வேலைக்கு எடுத்தது, முன்பு அந்தப் பகுதியை ஆண்ட துருக்கிப் பேரரசின் 1858 ஒட்டோமான் நிலச்சட்டம். உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்ற ஹேக் 43-வது விதியை இங்கே மீறவில்லை, பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தில் ‘மீரி’ என்றொரு வகை நிலம் உண்டு. கடைசி உரிமை ஆட்சியுடையது. உழுகிறவருக்கு அனுபவ உரிமை. பத்து ஆண்டு தகராறில்லாமல் பயிரிட்டு வந்தால் பத்திரம் இல்லாவிட்டாலும் உரிமை நிலைக்கும். மூன்று ஆண்டு தக்க காரணமின்றித் தரிசாகப் போட்டால் அது ஆட்சிக்குத் திரும்பலாம். இன்னொரு வகை ‘மவாத்’, உயிரற்ற நிலம். ஊரின் கடைசி வீட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் உரத்த குரலில் கூப்பிட்டால் கேட்காத தொலைவு, ஏறக்குறைய ஒன்றரை மைல், அதற்கு அப்பால் கிடக்கும் யாருடையதும் அல்லாத நிலம். விவசாயியை உழ வைத்து வரி வாங்க இஸ்தான்புல் எழுதிய சட்டம் இது. நிலத்தைப் பிடுங்கி வேறொரு மக்களைக் குடியேற்ற எழுதியதல்ல.

ஒரு மலைச்சரிவை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புப் பாறை, நடுநடுவே கல் அடுக்கிக் கட்டிய படிவரப்பு, வரப்புக்குள் மண் தங்கிய இடத்தில் பதினைந்து இருபது ஒலிவ மரம். பாறை மேல் எதுவும் முளைக்காது. அதில் ஆடு மேயும். அந்தக் குடும்பம் தலைமுறையாகச் செய்வது இதுதான், அந்த நிலத்தில் வேறெதுவும் செய்யவும் முடியாது. இப்போது வான்வழிப் படத்தை விரித்துவைத்து அளக்கிறார்கள். ஒரு துண்டில் பாதிக்கு மேல் பயிர் இருந்தால்தான் அது முழுக்கப் பயிரிட்ட நிலமாகக் கணக்காகும்; ஐம்பது சதவீதத்துக்குக் குறைந்தால் பயிரிடாத நிலம், ஆகவே அரசு நிலம். ஒலிவ மரம் நிற்கும் வரப்புகள் தீவு தீவாகத் தனியார் நிலமாக மிஞ்ச, சுற்றியுள்ள பாறையெல்லாம் அரசுக்குப் போன இடங்கள் உண்டு. பின்னால் அங்கே வேலி வந்ததும், தன் மரத்துக்குப் போக அவர் அனுமதி கேட்க வேண்டும்.

அறிவிப்பு வெளியானால் ஆட்சேபிக்க 45 நாள். விண்ணப்பம் போவது வழக்கமான நீதிமன்றத்துக்கு அல்ல, ராணுவ மேல்முறையீட்டுக் குழுவுக்கு. நிரூபிக்கும் சுமை நிலத்துக்காரர் தலையில்: சர்வேயர் வரைந்த வரைபடம், பயிரிட்டதற்கான சாட்சி, பழைய வரி ரசீது, வழக்கறிஞர். அறிவிப்பு ஊர்த் தலைவரிடம் தரப்பட்டு, அவர் யாருக்கும் சொல்லாமல் விட்டதால் கெடு போனவர்கள் உண்டு; அயல்நாட்டில் இருந்ததால் தவறவிட்டவர்களும் உண்டு. மூலப்பத்திரம் ஏன் இல்லை என்று கேட்கலாம். பிரிட்டிஷார் தொடங்கி ஜோர்டான் தொடர்ந்த நில உரிமைப் பதிவு, 1967 வரையில் மேற்குக் கரையின் சுமார் மூன்றில் ஒரு பங்கில்தான் முடிந்திருந்தது. மீதியை 1968 டிசம்பரில் 291-வது ராணுவ உத்தரவு நிறுத்திவைத்தது. பத்திரம் வாங்கும் வழியை அடைத்துவிட்டு, பத்திரம் எங்கே என்று கேட்டால் யாரால் காட்ட முடியும்?

இன்னும் ஒரு பூட்டு இருக்கிறது. 1967 ஜூலையில் வந்த 59-வது உத்தரவின் 5-வது பிரிவு, அரசு சொத்தின் பொறுப்பாளர் நல்லெண்ணத்தில் செய்த ஒப்பந்தம், அது அரசு சொத்தே இல்லை என்று பிறகு நிரூபணமானாலும் செல்லும் என்கிறது. நிலத்துக்காரர் தாமதமாக உரிமையை மெய்ப்பித்தாலும், அதற்குள் நிலம் குடியேற்றத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் கிடைப்பது காகிதத்தில் நியாயம் மட்டுமே.

இந்த முறையில் 1979-க்கும் 1992-க்கும் இடையே சுமார் 9 லட்சம் துனம் அரசு நிலமாக அறிவிக்கப்பட்டது என்று இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம் கணக்கிட்டது. அரசு நிலம் என்றால் பொதுநன்மைக்கு என்று தோன்றும். 2018-ல் இஸ்ரேலிய அமைப்புகள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற்ற விவரப்படி, அதுவரை மேற்குக் கரையில் ஒதுக்கப்பட்ட அரசு நிலத்தில் 99.76 சதவீதம், சுமார் 6.74 லட்சம் துனம், குடியேற்றத் தேவைகளுக்குப் போனது. பாலஸ்தீனியர்களுக்குக் கிடைத்தது 1,600 துனத்துக்குச் சற்று மேல். ஹேக் 55-வது விதியோடு இதை வைத்துப் பாருங்கள். தோப்பின் பலன் தோப்பு இருக்கும் ஊர் மக்களுக்குப் போகவில்லை.

நிலம் ஒருபுறம், கட்டட அனுமதி மறுபுறம். 1995-ல் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்துகொண்ட இரண்டாம் ஆஸ்லோ ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று பிரித்தது. சுமார் 60 சதவீதம் சி பகுதி. அங்கே திட்டமிடல் அதிகாரம் இஸ்ரேல் படையின் குடிமை நிர்வாகத்திடம். 1971-ன் 418-வது உத்தரவு உள்ளூர்த் திட்டக்குழுக்களில் பாலஸ்தீனியர்களுக்கு இருந்த இடத்தை எடுத்துவிட்டது. ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகக் கணக்கில், சி பகுதியில் பாலஸ்தீனியர் கட்டிக்கொள்ள வகைசெய்த பரப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. அனுமதி கிடைக்காததால் அனுமதியின்றிக் கட்டுகிறார்கள். அனுமதியின்றிக் கட்டியதால் இடிக்கப்படுகிறது. மகனுக்குக் கல்யாணமாகி ஓர் அறை சேர்த்துக் கட்டினால்கூட இடிப்பு அறிவிக்கை வரும். இஸ்ரேல் தரப்பு, ஆஸ்லோவில் நீங்களே குடியேற்றப் பிரச்சினையை இறுதிப் பேச்சுக்கு விட்டீர்கள் என்று சொல்லும். ஆனால் ஜெனீவா ஒப்பந்தத்தின் 47-வது பிரிவு இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டது: உள்ளூர் அதிகாரிகள் ஆக்கிரமித்த அரசோடு செய்துகொள்ளும் எந்த உடன்பாடும் மக்களுக்கு ஒப்பந்தம் தரும் பாதுகாப்பைக் குறைக்காது.

இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது என்ற கேள்வி நியாயமானது, பதில் கலவையானது. 2004 ஜூன் 30-ல் பெய்த் சூரிக் வழக்கில் அஹரோன் பராக் தலைமையிலான அமர்வு, மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவரின் 40 கிலோமீட்டர் பாதையில் 30 கிலோமீட்டரை மாற்றச் சொன்னது. விவசாயிகளுக்கு வரும் சேதம் பாதுகாப்புப் பயனுக்கு மிஞ்சியது என்றது. 2020 ஜூனில், தனியார் பாலஸ்தீன நிலத்தில் கட்டிய வீடுகளை முறைப்படுத்தும் சட்டத்தை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. ஆனால் குடியேற்றக் கொள்கையே சட்டபூர்வமானதா என்ற அடிப்படைக் கேள்வி 1993-ல் வந்தபோது, அது அரசியல் விஷயம், நீதிமன்றம் முடிவு செய்யாது என்று ஒதுங்கியது. மரத்துக்கு மரம் வழக்கு நடக்கும், காடு யாருடையது என்று மட்டும் கேட்க முடியாது. 2022 மே 4-ல், ஹெப்ரோனுக்குத் தெற்கே மசாஃபர் யத்தாவில் 918-வது சுடுபயிற்சிக் களம் என்று அறிவிக்கப்பட்ட இடத்திலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வெளியேற்ற அனுமதித்தது. அவர்கள் அங்கே நிரந்தரமாக வாழ்ந்ததை நிரூபிக்கவில்லை என்றது. குகை வீட்டிலும் கூடாரத்திலும் ஆடு வளர்த்து, பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுகிற மக்களிடம் எந்த மாதிரி நிரூபணத்தை எதிர்பார்த்தார்கள் என்பது இன்றும் உறுத்துகிறது.

ஹேக் நகரச் செய்திகளில் தமிழ் ஊடகங்கள் தொடர்ந்து குழப்புவதால் இதைச் சொல்லியாக வேண்டும். அங்கே இரண்டு நீதிமன்றங்கள். சர்வதேச நீதிமன்றம் ஐ.நா.வின் உறுப்பு, நாடுகளுக்கிடையேதான் வழக்கு, யாரையும் சிறையில் போடாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஐ.நா.வின் உறுப்பு அல்ல, 1998-ன் ரோம் சட்டத்தில் பிறந்தது, தனி மனிதர்களை விசாரிக்கும், பிடிவாரண்ட் போடும். முதலாவதிலும் இரண்டு வேலை உண்டு. இரு நாடுகள் மோதும் வழக்கில் வருவது தீர்ப்பு, அது அவர்களைக் கட்டும். ஐ.நா. பொதுச்சபை சட்டக் கேள்வி கேட்டால் வருவது ஆலோசனைக் கருத்து. 2004 ஜூலை 9-ல் சுவர் பற்றியும், 2024 ஜூலை 19-ல் ஆக்கிரமிப்பு பற்றியும் வந்தவை கருத்துகள். அவற்றைத் ‘தீர்ப்பு’ என்று எழுதுவது பிழை. அதற்காக வெறும் அபிப்பிராயம் என்று ஒதுக்குவதும் பிழைதான். கருத்து நேரடியாகக் கட்டாது; அது எடுத்துச்சொல்லும் சட்டம் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறது.

2024 கருத்து பழைய நிலையிலிருந்து ஓர் அடி முன்னே போனது. அதுவரை பேசப்பட்டது ஆக்கிரமிப்பு நடத்தப்படும் விதம் சட்டவிரோதம் என்பது. இப்போது, நிலத்தை நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாலும் பாலஸ்தீன மக்களின் சுயநிர்ணய உரிமையைத் தடுப்பதாலும் இஸ்ரேல் அங்கே இருப்பதே சட்டவிரோதம் என்று 11-க்கு 4 என்ற வாக்கில் நீதிமன்றம் சொன்னது. புதிய குடியேற்றப் பணிகளை உடனே நிறுத்த வேண்டும் என்பதில் 14-க்கு 1. இந்த நிலையை அங்கீகரிக்காமலும் அது நீடிக்க உதவாமலும் இருப்பது எல்லா நாடுகளின் கடமை என்பதில் 12-க்கு 3. 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு காசாவில் நடந்தவற்றை இந்தக் கருத்து ஆராயவில்லை. கேள்வி அதற்கு முன்பே அனுப்பப்பட்டது.

காசா பற்றிச் சர்வதேச நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது போட்ட வழக்கு வேறு. அது ஏன் இனப்படுகொலை வழக்காக மட்டும் இருக்கிறது, போர்க்குற்றம் ஏன் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். காரணம் எளிது. இஸ்ரேல் அந்த நீதிமன்றத்தின் பொதுவான அதிகாரத்தை ஏற்கவில்லை. இனப்படுகொலை ஒப்பந்தத்தின் 9-வது பிரிவு ஒன்றுதான் இஸ்ரேலை அங்கே நிறுத்தக் கிடைத்த கதவு. அந்தக் கதவு வழியே இனப்படுகொலைக் கேள்வி மட்டுமே நுழையும். 2024 ஜனவரி 26-ன் இடைக்கால உத்தரவு, தென்னாப்பிரிக்கா காக்கக் கேட்ட உரிமைகளில் சிலவாவது ஏற்கத்தக்கவை என்றது. இனப்படுகொலை நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ அது முடிவு செய்யவில்லை.

செயல்படுத்துவது எங்கே நின்றுபோகிறது? தீர்ப்பை ஒரு நாடு மதிக்காவிட்டால் ஐ.நா. சாசனத்தின் 94-வது பிரிவுப்படி பாதுகாப்பு அவைக்குப் போகலாம். அங்கே அமெரிக்காவின் வீட்டோ. அமெரிக்கா வாக்களிக்காமல் விலகிய 2016 டிசம்பர் 23 அன்று தீர்மானம் 2334 14-க்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. குடியேற்றங்களுக்குச் சட்ட மதிப்பே இல்லை என்றது. ஆனால் மீறினால் என்ன தண்டனை என்று ஒரு வரி இல்லை. 2024 செப்டம்பர் 18-ல் பொதுச்சபை 124-க்கு 14 என்ற வாக்கில் 12 மாதக் கெடு வைத்தது. கெடு முடிய ஒரு மாதமே இருந்தபோது, 2025 ஆகஸ்ட் 20-ல், கிழக்கு ஜெருசலேமுக்கும் மாலே அதுமீம் குடியேற்றத்துக்கும் நடுவே ஈ-1 பகுதியில் சுமார் 3,400 வீடுகளுக்குத் திட்ட அனுமதி வந்தது. மேற்குக் கரையின் வடக்கையும் தெற்கையும் அறுக்கும் இடம் அது. கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல் 1993-ல் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த குடியேறிகள் இன்று சுமார் 5 லட்சம்; கிழக்கு ஜெருசலேமையும் சேர்த்தால் சுமார் 7 லட்சம்.

அப்படியானால் பயனில்லையா? மெதுவாக, ஓரங்களில் வேலை செய்கிறது. ரமல்லாவுக்கு எதிரே ப்சகோத் என்ற குடியேற்றத்தில் தயாராகும் ஒயின் பாட்டிலில் ‘இஸ்ரேல் தயாரிப்பு’ என்று மட்டும் ஒட்டினால் போதாது, குடியேற்றத்திலிருந்து வந்தது என்றும் எழுத வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 நவம்பர் 12-ல் சொன்னது. குற்றவியல் பக்கத்தில், ரோம் சட்டத்தின் 8-வது பிரிவு ஜெனீவா வாசகத்தை எடுத்துக்கொண்டு ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ என்ற இரு சொற்களைச் சேர்த்தது. தானாகப் போனார்கள் என்ற வாதத்தை அடைக்க வந்த சொற்கள் அவை. 1998-ல் இஸ்ரேல் எதிர்த்து வாக்களிக்க முக்கியக் காரணம் இதுதான். பாலஸ்தீனம் 2015-ல் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினரானது. 2021-ல் விசாரணை தொடங்கியது. 2024 நவம்பர் 21-ல் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கலாண்ட் மீது வந்த வாரண்டுகள் காசாவில் பட்டினியைப் போர்முறையாக்கியது உள்ளிட்டவை பற்றியவை. குடியேற்றம் பற்றிய வாரண்ட் எதுவும் வெளிவரவில்லை. வாரண்டைச் செயல்படுத்த அந்த நீதிமன்றத்துக்குச் சொந்தக் காவலர் இல்லை. 2025 ஏப்ரலில் நெதன்யாகு வந்து இறங்கியபோது உறுப்பு நாடான ஹங்கேரி அவரைப் பிடிக்கவில்லை; விலகப்போவதாக அறிவித்தது.

நெதன்யாகு மீது வாரண்ட் வந்த அதே நாள் ஹமாஸ் தளபதி முகமது தெயிஃப் மீதும் வாரண்ட் வந்தது. அவர் இறந்தது உறுதியானதும் வழக்கு முடிந்தது. இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்பது அதை எதிர்க்கும் ஆயுதக்குழுவுக்கு எதையும் செய்யும் உரிமையைத் தராது. பொதுமக்களைக் குறிவைத்துக் கொல்வது, பிணையாகப் பிடிப்பது, எங்கே விழும் என்று கட்டுப்படுத்த முடியாத ராக்கெட்டை ஊருக்குள் ஏவுவது, மூன்றும் போர்க்குற்றங்கள். 2023 அக்டோபர் 7-ல் சுமார் 1,200 பேரைக் கொன்றதும் 251 பேரைப் பிடித்துச் சென்றதும் இந்தச் சட்டத்தின் முன்தான் நிற்கின்றன. ஒரு தரப்புக்கு மட்டும் ஜெனீவாவைப் படிப்பவர் அதைப் படிக்கவே இல்லை.

இந்தியாவின் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1947 நவம்பர் 29-ல் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1988-ல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்தது. 2024 ஜூலைக் கருத்தில் பெரும்பான்மைப் பக்கம் நின்ற 11 நீதிபதிகளில் தல்வீர் பண்டாரி ஒருவர். அவர் அங்கே இந்திய அரசின் சார்பில் அமரவில்லை, தனி நீதிபதியாக அமர்ந்தார். இரண்டு மாதம் கழித்துப் பொதுச்சபை வாக்கெடுப்பில் இந்தியா விலகி நின்றது. அங்கீகரிக்காமை, உதவாமை, வணிகத்திலும் ஒப்பந்தத்திலும் இஸ்ரேலையும் ஆக்கிரமித்த பகுதியையும் பிரித்துப் பார்ப்பது ஆகிய கடமைகள் வாக்களித்த 124 நாடுகளுக்கு மட்டுமானவை அல்ல. இந்தியா 1950-லேயே ஜெனீவா ஒப்பந்தங்களில் இணைந்தது. 1960-ல் அதற்கென ஒரு தனிச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தானும் மதித்து, பிறரும் மதிக்கச் செய்ய வேண்டும் என்பது அந்த ஒப்பந்தங்களின் முதல் பிரிவு. வாக்கெடுப்பில் விலகியதால் அந்தப் பிரிவிலிருந்தும் விலகியதாக ஆகாது.